வேலைக்குப் போகிறவர்கள் வீட்டு நாய்க்குட்டி: கழிப்பிடப் பழக்கம் தவறினால் எங்கே பார்ப்பது

கணவன், மனைவி இருவரும் காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு ஏழரைக்குத் திரும்பும், ஒரு பால்கனியும் இரண்டு படுக்கையறையும் உள்ள சென்னை அடுக்ககத்தை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது. எங்கள் குடியிருப்பில் புதிதாகக் குட்டி வாங்கும் வீடுகளில் ஒரே விதமான கோளாறுகள் மாறி மாறி வருவதையும், பெரும்பாலானவை ஒரே விதமாகச் சரியாவதையும் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த குறிப்புகள் இவை. உங்கள் வீட்டில் தென்படும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்பைப் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும், கைப்பணம் கரையும் காரணம் கடைசியிலும் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, குட்டி எத்தனை மணிக்குப் போனது, சிறுநீரா மலமா, எந்த இடத்தில், அதற்குச் சற்று முன் உண்டதா, உறங்கி எழுந்ததா, விளையாடியதா என்பதை வீட்டில் உள்ள அனைவரும் குறித்து வர வேண்டும். சில நாள் எழுதினாலே ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும்: உறங்கி எழுந்த உடனே சிறுநீர், உணவுக்குப் பின் ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் மலம், விளையாட்டின் நடுவே மீண்டும் சிறுநீர். இந்தத் தாள் இல்லாமல் செய்யும் எந்தத் திருத்தமும் குருட்டுத் திருத்தமே. பின்னால் மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்கான விடை இதில்தான் இருக்கும்.

## பகலில் வீடு பூட்டியிருக்கும்போது கண்ட இடத்தில் போகிறது

எல்லா வீடுகளிலும் முதலில் வரும் புகார் இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம்.

### குட்டிக்கு நான்கு மாதம் ஆகவில்லை என்றால்

இது கோளாறே அன்று. குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து அதனுடன் ஒன்றைக் கூட்டினால், பகலில் அது அடக்கிவைக்கக்கூடிய உச்ச நேரம் ஏறக்குறைய கிடைக்கும்; இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம், மூன்று மாதக் குட்டிக்கு நான்கு மணி நேரம் என்று கொள்ளலாம். அதுவும் படுத்திருந்தால்தான்; ஓடி விளையாடினால் அரை மணிக்கு ஒரு முறையும் போகும். பதினொரு மணி நேரம் பூட்டிய வீட்டில் இரண்டு மாதக் குட்டியிடம் சுத்தத்தை எதிர்பார்ப்பது நடக்காத காரியம். வளர்ந்த நாயைக்கூட எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கவைப்பது முறையாகாது.

ஆகவே பகலில் ஓர் ஆள் வர வேண்டும். இதற்கு மாற்று இல்லை. முதல் இரண்டு மாதமாவது இருவரில் ஒருவர் மாறி மாறி வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் அவர் வரும் நேரத்தைக் காலை ஏழிலிருந்து பகல் பன்னிரண்டரைக்கு மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். நான் பார்த்தவரையில் இந்த ஒரு மாற்றம் தீர்த்த பிரச்சினைகளைப் போல் வேறெதுவும் தீர்த்ததில்லை. ஆனால் வருகிறவரிடம் 'குட்டிக்குச் சோறு வைத்துவிடுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. உள்ளே நுழைந்ததும் முதலில் பால்கனிக்குத் தூக்கிச் செல்வது, அது போன பின் உணவு வைப்பது, உண்ட பின் இருபது நிமிடம் காத்திருந்து மறுபடியும் பால்கனிக்குக் கொண்டுபோவது, இத்தனையும் அவருக்குப் புரிய வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு உரிய கூலியையும் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியாக இருந்தால் மாலை நாலரைக்கு இரண்டாவது ஆள் தேவைப்படும். எதிர்வீட்டுக் கல்லூரி மாணவரோ, பணம் பெற்றுக்கொண்டு நாயைக் கவனிக்க வருகிறவரோ அதற்குப் போதும். பகல்நேரக் காப்பகம் கடைசி வழி. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைக் கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் காப்பகத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

### வயது போதும், பகலில் ஆளும் வருகிறார், ஆனாலும் போகிறது என்றால்

பெரும்பாலும் இடம் பெரிதாக இருக்கும். வீடு முழுவதும் சுற்ற விட்டால் குட்டிக்குக் கூடம் வீடு, படுக்கையறை கழிப்பிடம் என்று ஆகிவிடும். கம்பித் தடுப்பை மடக்கி, ஒரு ஓரத்தில் படுக்கையும் தண்ணீரும், எதிர் ஓரத்தில் தரையில் விரித்துச் சிறுநீரை உறிஞ்சும் பேடும் இருக்குமாறு ஒரு சிறு முற்றம் அமைத்து, வீட்டில் ஆள் இல்லாதபோது குட்டியை அதற்குள் மட்டும் விடுங்கள். பால்கனியில் அடைப்பது தீர்வாகாது. சித்திரை, வைகாசி வெயிலில் பால்கனித் தரையில் மனிதராலேயே வெறுங்காலோடு நிற்க முடியாது, கம்பிகளின் இடைவெளியும் குட்டியின் தலை நுழையும் அளவுக்கு இருக்கலாம்.

அடுத்து உணவுக் கிண்ணத்தைப் பாருங்கள். நாள் முழுவதும் நிரம்பிய கிண்ணம் கிடந்தால் மலமும் நாள் முழுவதும் வரும். ஆறு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளை என்று நேரம் வைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீதியை எடுத்துவிட வேண்டும். தண்ணீரை மட்டும் பகலில் ஒருபோதும் எடுக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் குறையும் என்ற கணக்கைச் சிலர் போடுகிறார்கள். நம் ஊர் வெப்பத்தில் அது குட்டியின் உயிருக்கே ஆபத்து. இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் கிண்ணத்தை எடுத்து வைப்பது வரை சரி.

இவை அனைத்தும் ஒழுங்காக இருந்தும், ஆறு மாதக் குட்டி ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் போகிறது என்றால் சிறுநீர்ப் பரிசோதனைக்கான நேரம் வந்துவிட்டது. அதன் விவரம் கீழே வரும்.

## வெளியே அரை மணி நேரம் நின்றும் போகாமல், உள்ளே வந்ததும் போகிறது

எளிய காரணம், வெளியே வேடிக்கை அதிகம். தினமும் ஒரே இடத்துக்கு, கழுத்துப்பட்டையும் கயிறும் போட்டு அழைத்துச் சென்று, பேசாமல், கைபேசியைப் பார்க்காமல் மரம் போல் நில்லுங்கள். குட்டி உங்களைச் சுற்றி முகர்ந்து சலித்த பின்தான் உட்காரும். உட்காரும் கணத்தில் 'மூச்சா' என்றோ வேறு ஏதாவது ஒரே சொல்லையோ மெல்லச் சொல்லிப் பழக்கினால், பின்னாளில் மழைநாளில் அந்தச் சொல் கைகொடுக்கும். முடித்த ஓரிரு நொடிக்குள், அங்கேயே, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்றைப் பட்டாணி அளவில் கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே குட்டி எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. சிறுநீர் கழித்த மறுகணமே வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டால், 'போனால் உலா முடிந்துவிடும்' என்று குட்டி கற்றுக்கொண்டு அடக்கத் தொடங்கும். அலுவலகத்துக்கு நேரமாகும் வீடுகளில் இது நிச்சயம் நடக்கும். போன பின் ஐந்து நிமிடமாவது நடத்திவிட்டுத் திரும்புங்கள். பத்து நிமிடமாகியும் போகவில்லையென்றால், உள்ளே வந்து தரையில் விடாமல் மடியில் வைத்திருந்து, கால் மணி கழித்து மறுபடியும் வெளியே கொண்டுபோங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த அறிகுறி தானாகவே வரும். மழைக்குப் பயந்த குட்டியைக் குடையுடன் கீழே இழுத்துச் செல்வதைவிட, பால்கனியில் ஒரு தட்டில் செயற்கைப் புல் விரித்து வைப்பது எளிது. அந்தப் புல்லைக் கழுவும் தண்ணீர் கீழ்வீட்டுக் கொடியில் காயும் துணியில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புச் சங்கத்தில் வரும் நாய்ச் சண்டைகளில் பாதிக்கு இதுவே மூலம்.

ஒரு எச்சரிக்கை: தடுப்பூசித் தொடர் முடியும் வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம் நிறைந்து கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரம் ஆகும் வரை, தெருநாய்கள் புழங்கும் மண்ணில் குட்டியை இறக்கக் கூடாது. குட்டிகளைத் தாக்கும் கொடிய குடல்நோயான பார்வோவின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதற்காகப் பழக்கத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். பால்கனித் தட்டும், நாய் ஏறாத மொட்டை மாடியும் அதுவரை போதும்.

## பேடை விட்டுவிட்டுக் கால்மிதியில் போகிறது

குட்டி தேடுவது இடத்தை மட்டுமன்று. பாதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும். மெத்தென்று உறிஞ்சும் பேடும் குளியலறைக் கால்மிதியும் அதன் பாதத்துக்கு ஒன்றே. எனவே ஒரு மாதத்துக்குக் கால்மிதி, ஜமக்காளம், தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டிப் பரணில் போடுங்கள். செலவே இல்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விலையுயர்ந்த வாசனைத் திரவங்களை வாங்குகிறவர்களே அதிகம்.

பேடின் விளிம்பில் நின்று தரையில் போகிறது என்றால் பேட் சிறியது. இரண்டை ஒட்டிப் பரப்புங்கள். பேடைக் கிழித்து விளையாடுகிறது என்றால், ஓரங்களைப் பிடித்துக்கொள்ளும் சட்டம் வைத்த தட்டு கிடைக்கிறது. பஞ்சை விழுங்கியதாகச் சந்தேகம் வந்து, அதன் பின் வாந்தியும் தொடர்ந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பேடை மாற்றும்போது பழைய பேடின் நனைந்த துண்டு ஒன்றைப் புதியதன் நடுவே வைத்தால் குட்டியின் மூக்கே அதை அங்கே கூட்டிச் செல்லும்.

## ஒரே மூலையில் திரும்பத் திரும்பப் போகிறது

வாசனை போகவில்லை. பினாயில் ஊற்றித் துடைத்ததும் நம் மூக்குக்குச் சுத்தமாகிவிடுகிறது. நாயின் மூக்குக்கு அந்த நெடிக்கு அடியில் சிறுநீர் அப்படியே இருக்கிறது. கருப்புப் பினாயில் ஈரத்தில் மிதித்த பாதத்தைக் குட்டி நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும் என்பதால், நாய் உள்ள வீட்டில் அதை அடியோடு நிறுத்துவதே நல்லது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவம் நாய்க்குச் சிறுநீர் வாசனையாகவே தெரியும். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீரின் மேல் நேரடியாகத் தூவினால் கிளம்பும் வாயு மனிதருக்கும் கேடு.

செய்ய வேண்டியது இது. முதலில் பழந்துணியால் அழுத்தி உறிஞ்சுங்கள், தேய்த்தால் பரவும். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரால் கழுவி, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தெளித்துத் துடையுங்கள். பளிங்குத் தரையானால் வினிகர் பளபளப்பை அரித்துவிடும் என்பதால் அங்கே சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதற்கும் மசியாவிட்டால், செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் (நொதி) திரவத்தை ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் வரை ஈரமாகவே விட வேண்டும். ஊற்றிய உடனே துடைத்துவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்பவர்கள் உண்டு; நொதிகள் சிறுநீரைச் சிதைக்க நேரம் எடுக்கும்.

எங்கே என்றே தெரியவில்லையென்றால், கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படும் புறஊதாக்கதிர் டார்ச் ஒன்றை வாங்கி, இரவில் விளக்கை அணைத்துத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். காய்ந்த சிறுநீர் மங்கிய மஞ்சள் பச்சையில் ஒளிரும்: சோபாக் காலைச் சுற்றி ஒரு வளையம், டைல்ஸ் இணைப்பில் ஓடிய கோடு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு குட்டை. நாம் துடைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் அது பெரும்பாலும் இருக்கும். மெத்தைக்குள் இறங்கிவிட்டிருந்தால் மெத்தையை மாற்றுவதோ, தொழில்முறைத் துப்புரவாளரை அழைப்பதோ தவிர வேறு வழி எதுவும் எனக்குத் தென்பட்டதில்லை.

## நாம் பார்க்காதபோது மட்டும் சோபாவுக்குப் பின்னால் போகிறது

யாரோ அடித்திருக்கிறார்கள், அல்லது மூக்கை அதில் தேய்த்திருக்கிறார்கள். தரையில் போனது தவறு என்று குட்டிக்குப் புரியாது. மனிதர் முன்னால் போனால் அடி விழும் என்பதுதான் புரியும். அதன் பிறகு கயிற்றில் கட்டி வெளியே அழைத்துச் சென்றாலும் நம் கண் முன் போகாது. வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் வேலைக்கு வருகிறவரிடமும் பேசி அடியை நிறுத்தி, சில வாரம் நீண்ட கயிறு கட்டித் தள்ளி நின்று, போனதும் பரிசு கொடுத்து வந்தால் நம்பிக்கை மெல்லத் திரும்பும். மாலையில் நாம் உள்ளே நுழைந்ததும் குட்டி தலையைத் தொங்கவிட்டு ஒதுங்குவதைக் குற்றவுணர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். அது நம் முகத்தையும் குரலையும் பார்த்து வந்த அச்சம்.

## கூண்டுக்குள்ளேயே போய் அதிலேயே படுக்கிறது

கூண்டு பெரிதா என்று பாருங்கள். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும், மிஞ்சினால் ஒரு மூலை கழிப்பிடமாகும். வளரும் குட்டிக்கு நடுவில் தட்டி வைத்து மறைத்துக்கொள்ளலாம். அளவு சரியென்றால், எவ்வளவு நேரம் அடைக்கப்படுகிறது என்று பாருங்கள். அலுவலக நாள் முழுவதும் குட்டியைக் கூண்டில் பூட்டுவது பயிற்சி ஆகாது. அதற்குத்தான் மேலே சொன்ன கம்பித் தடுப்பு.

இரண்டும் சரியாக இருந்தும் நீடித்தால், குட்டி வந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஆனாலும் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்து, கழிவின் மேலேயே படுக்கவைத்து வளர்த்துக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்த குட்டிக்குத் தன் படுக்கையைச் சுத்தமாக வைக்கும் இயல்பே மழுங்கியிருக்கும். அதற்குக் கூண்டைக் கைவிட்டு, இரண்டு மணிக்கு ஒரு முறை வெளியே கொண்டுபோகும் முறையைப் பல வாரம் கடைப்பிடிக்க வேண்டும். பயிற்சியாளரை அழைக்கத் தகுந்த கட்டமும் இதுவே.

## ஆளைக் கண்டதும் சொட்டுச் சொட்டாகப் போகிறது

மகிழ்ச்சியிலோ பணிவிலோ வருவது. வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். வீட்டுக்குள் நுழைந்ததும் கொஞ்சாமல், குனியாமல், நேரே பால்கனிக்குப் போய்விடுங்கள். அது போன பின் கொஞ்சலாம். திட்டினால் இன்னும் அதிகமாகும். படுத்திருந்த இடமும் ஈரமாக இருந்து, பெண் குட்டியாகவும் இருந்து, வாங்கிய நாள் முதலே பின்புறம் நனைந்தபடியே இருந்தால், சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருக்கலாம். அதற்கு ஸ்கேன் தேவைப்படும், அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். பயிற்சியால் ஆவது ஒன்றுமில்லை.

## கதவைப் பூட்டிய சிறிது நேரத்திலேயே போகிறது, ஊளையிடுகிறது

பழைய கைபேசி ஒன்றைக் கேமராவாக வைத்து, நாம் கிளம்பிய முதல் அரை மணி நேரத்தைப் பதிவு செய்யுங்கள். சற்று முனகிவிட்டுப் படுத்துவிட்டால் பிரச்சினை வேறு. எச்சில் வடிய நடந்து, கதவைப் பிராண்டி, அதன் நடுவே மலமும் போனால் அது தனிமை அச்சம். சாவியை எடுப்பது, செருப்பைப் போடுவது, ஒரு நிமிடம் வெளியே நின்று திரும்புவது என்று தொடங்கி, குட்டி பதறாத அளவுக்கு மட்டும் நேரத்தை நீட்டிச் செல்ல வேண்டும். அந்த வாரங்களில் முழுநாள் தனியே விட்டால் செய்ததெல்லாம் பாழாகும். பாதத்திலோ ஈறிலோ இரத்தம் வரும் அளவுக்குப் பிராண்டிக் கடித்தால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்; மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே பலன் தரும்.

## நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று தவறுகிறது

வீட்டில் என்ன மாறியது என்று முதலில் கேளுங்கள். புது வேலைநேரம், ஊரிலிருந்து வந்த விருந்தினர், தீபாவளி வெடி, பகலில் வருகிறவர் விடுப்பு எடுத்தது, இவற்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பழைய அட்டவணைக்குத் திரும்பி ஒரு வாரம் புதுக் குட்டியைப் போல் நடத்துங்கள். ஆறு மாதம் கடந்த ஆண் குட்டி காலைத் தூக்கிச் சுவரிலும் நாற்காலியிலும் கொஞ்சமாகத் தெளித்தால் அது எல்லை குறிப்பது. கருத்தடை பற்றி மருத்துவரிடம் பேசலாம்.

எதுவும் மாறவில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போகிறது, உட்கார்ந்து முக்குகிறது, குறியை நக்கிக்கொண்டே இருக்கிறது, சிறுநீர் கலங்கலாகவோ சிவப்பாகவோ இருக்கிறது என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். பெண் குட்டிகளுக்கு இது கூடுதலாக வரும். காலையில் முதல் சிறுநீரை நீண்ட கைப்பிடியுள்ள சுத்தமான கரண்டியில், முதல் சில துளிகளை விட்டுவிட்டு நடுவில் பிடித்து, மூடியுள்ள புட்டியில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குட்டி குடிக்கும் தண்ணீரையும் ஒரு நாள் அளந்து பாருங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டினால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முக்கி முக்கியும் ஒரு சொட்டும் வரவில்லையென்றால் அது அவசரநிலை. மறுநாள் காலை வரை பொறுக்கக் கூடாது.

## தன் மலத்தைத் தானே தின்கிறது

பார்க்க அருவருப்பாக இருந்தாலும் குட்டிகளிடம் இது சாதாரணம். போன உடனே எடுத்துவிடுங்கள். பாய்ந்து பிடுங்கினால் போட்டி என்று எண்ணி இன்னும் வேகமாக விழுங்கும். தின்ற பின்னும் மெலிந்துகொண்டே போனால் குடற்புழு மருந்தின் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை என்பது வழக்கமான அளவு. அதுவும் சரியென்றால் மலப் பரிசோதனை.

## மலம் இளகிப் போகிறது, அடக்க முடியவில்லை

நேற்று என்ன கொடுத்தீர்கள்? பாலும் பால் பிஸ்கட்டும் என்றால் நிறுத்துங்கள். பல நாய்களுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. உணவின் பிராண்டை ஒரே நாளில் மாற்றியிருந்தால், பழையதைக் கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். துள்ளி விளையாடும் குட்டிக்கு ஒரு நாள் தோல் நீக்கி வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் போதும். மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் கட்டுப்படவில்லையென்றால் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

வாந்தியும் சேர்ந்து, உணவைத் தொடாமல் சுருண்டு படுத்து, மலத்தில் இரத்தமும் தாங்க முடியாத நாற்றமும் இருந்தால், அதிலும் தடுப்பூசி முடியாத குட்டி என்றால், பார்வோவாக இருக்கலாம். அலுவலகத்தில் கூட்டம் முடியட்டும் என்று பார்க்காமல் அந்த மணி நேரத்திலேயே கிளம்ப வேண்டும். சென்னையில் வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, வீட்டுக்கு அருகில் குளுக்கோஸ் ஏற்றி உள்நோயாளியாக வைக்கும் வசதியுள்ள மருத்துவமனையோ எது முதலில் எட்டுமோ அங்கே போங்கள். போகும் முன் தொலைபேசியில் 'பார்வோ சந்தேகம்' என்று சொல்லிவிட்டு, மற்ற நாய்கள் காத்திருக்கும் வரிசையில் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். தடுப்பூசி அட்டையையும், கதவில் ஒட்டிய அந்தத் தாளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.